தூக்கிய சுமையும் பூட்டிய கைப்பிடியும்

வேக்குவம் லிஃப்டர் எனப்படும் வெற்றிடத் தூக்கியில், சுமையை விடுவிக்கும் கைப்பிடிக்கு ஒரு பூட்டு உண்டு. தொழிற்கூடங்களில் அதை 'சேஃப்டி லாக்' என்பார்கள். கண்ணாடிப் பலகையோ கருங்கல் பலகையோ இரும்புத் தகடோ அந்தரத்தில் நிற்கும்போது கை தவறிப் பட்டாலும் கைப்பிடி அசையக் கூடாது என்பதற்காக அது வைக்கப்படுகிறது. பூட்டின் தாழை நீக்குவது ஓர் அசைவு, கைப்பிடியைத் திருப்புவது இன்னோர் அசைவு. இரண்டும் நடந்தால்தான் சுமை விடுபடும். இந்தச் சிறிய உறுப்பு அறநூல்கள் நெடுங்காலமாக விவாதித்து வரும் ஒரு கேள்வியைத் தொடுகிறது. வேண்டுமென்று செய்யாத தீங்குக்கு மனிதர் எந்த அளவு பொறுப்பு? அந்தத் தீங்கு நேராதபடி முன்கூட்டியே தடை செய்து வைப்பது தொழில்நுட்ப ஏற்பாடு மட்டும்தானா, அதுவே ஓர் அறச்செயலா?

கேள்வி கூர்மை பெறுவது இந்தக் கருவி சுமையைப் பிடிக்கும் விதத்தால். கிரேனின் கொக்கி தன் வடிவத்தால் பிடிக்கிறது. அதில் மாட்டிய சங்கிலி, யாரும் கவனிக்காவிட்டாலும் மாட்டியபடியே இருக்கும். வெற்றிடத் தூக்கியின் ரப்பர் கிண்ணம் எதையும் கவ்வுவதில்லை. கிண்ணத்துக்கும் பலகைக்கும் இடையே உள்ள காற்றைப் பம்பு வெளியேற்றுகிறது. வெளிக்காற்று பலகையைக் கிண்ணத்தோடு சேர்த்து அழுத்துகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1.03 கிலோ. 30 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தில் 60 விழுக்காடு வெற்றிடம் உண்டாக்கினால் 430 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசை கிடைக்கும். கிடைக்கும் விசையில் பாதிக்கு மேல் சுமை ஏற்றுவதில்லை. பலகையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்கும்போது எடையைத் தாங்குவது உராய்வுதான் என்பதால், கால் பங்கு மட்டுமே கணக்கில் கொள்ளும் வழக்கமும் உண்டு.

கிண்ணம் 'உறிஞ்சிப் பிடிக்கிறது' என்று சொல்வது பழைய தத்துவம் ஒன்றின் எச்சம். இயற்கையில் வெற்றிடம் இருக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். பம்பில் நீர் ஏறுவதற்குக் காரணம் இயற்கை வெற்றிடத்தை வெறுப்பதுதான் என்று அவர் வழிவந்தவர்கள் விளக்கினார்கள். 1643இல் டோரிசெல்லி செய்த பாதரசக் குழாய்ச் சோதனையும், 1648இல் பாஸ்கலின் ஏற்பாட்டில் பிரான்சின் பியூய் தெ தோம் மலையில் நடந்த சோதனையும், 1650களில் ஓட்டோ ஃபான் குவெரிக்கெ குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரியாத மக்தபர்க் அரைக்கோளங்களும் அந்த விளக்கத்தை அகற்றின. வெற்றிடத்துக்கென்று எந்த ஆற்றலும் இல்லை. அது குலையாமல் பேணப்படும் வரை வெளிக்காற்று தாங்குகிறது. பேணுவது நின்றால் தாங்குவதும் நின்றுவிடும்.

ஆகவே கொக்கிக்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறதி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு சொல்லலாம். கொக்கியை மறந்தால் சுமை தொங்கிக்கொண்டிருக்கும். கிண்ணத்தை மறந்தால் சுமை விழும். கைப்பிடி இயக்கும் வால்வு ஒரு கணம் திறந்தாலே போதும். பூட்டு இல்லையென்றால், சட்டையின் கைநுனி கைப்பிடியில் மாட்டினாலே அது திறந்துவிடும். செயல் அணுவளவு, விளைவு ஓர் உயிர். செயலுக்கும் விளைவுக்கும் இடையே இப்படியொரு பொருத்தமின்மை இருக்கும் இடத்தில்தான் 'யார் குற்றம்' என்ற கேள்வி சிக்கலாகிறது.

பழைய சமூகங்கள் சில, குற்றத்தைப் பொருளின் மீதே சுமத்தின. ஏதென்சில் மனிதரைக் கொன்ற உயிரற்ற பொருளை விசாரிக்கப் பிரிட்டனேயோன் என்ற இடத்தில் ஒரு மன்றம் இருந்தது. ஆளைக் கொன்ற பொருளை நாட்டெல்லைக்கு வெளியே எறிந்துவிட வேண்டும் என்று பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் விதிக்கிறார். இங்கிலாந்தில் மரணத்துக்குக் காரணமான வண்டியோ விலங்கோ அரசுக்குரியதாகும் என்ற 'டியோடண்ட்' வழக்கம் 1846 வரை சட்டத்தில் நீடித்தது. ரயில் விபத்துகள் பெருகிய காலத்தில்தான் அது ஒழிக்கப்பட்டது. பொருளைத் தண்டிப்பது இன்று விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஓர் உண்மை உண்டு. தீய எண்ணம் யாரிடமும் இல்லாதபோதும் நேர்ந்த தீங்கு தீங்குதான். அதற்கு எங்காவது கணக்கு தீர்க்கப்பட வேண்டும் என்று சமூகம் எதிர்பார்க்கிறது.

அந்தக் கணக்கை யார் பெயரில் எழுதுவது என்பதில் கிரேக்கர்களே தடுமாறினார்கள். போட்டி ஒன்றில் எறியப்பட்ட ஈட்டி தற்செயலாக ஒருவரைக் கொன்றபோது, குற்றம் ஈட்டியுடையதா, எறிந்தவனுடையதா, போட்டியை நடத்தியவர்களுடையதா என்று பெரிக்ளீசும் புரொட்டகோரசும் ஒரு நாள் முழுவதும் விவாதித்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். கருவி, அதை இயக்குபவர், வேலையை ஏற்பாடு செய்தவர் என்று இன்றைய விபத்து விசாரணைகள் புரட்டும் பக்கங்களும் இந்த மூன்றுதான்.

பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளான விநயம், இந்தக் கேள்விகளிலிருந்து எண்ணத்தைப் பிரித்தெடுத்தது. பாலி விநயபிடகத்தில் கொலைக் குற்றத்தைப் பற்றிய பகுதியில், தூக்கிய சுமை விழுந்த வழக்கு ஒன்றே இருக்கிறது. ஆளவியைச் சேர்ந்த பிக்குகள் விகாரை கட்டுகிறார்கள். கீழே நிற்பவர் ஒரு கல்லை மேலே உயர்த்திக் கொடுக்கிறார். மேலே நிற்பவர் அதைச் சரியாகப் பற்றவில்லை. கல் கீழே நிற்பவரின் தலையில் விழுகிறது, அவர் இறந்துபோகிறார். வேண்டுமென்று செய்யாததால் குற்றமில்லை என்பது தீர்ப்பு. அடுத்து, அதே கல் கொல்லும் எண்ணத்தோடு விடப்பட்ட வழக்குகள் வருகின்றன. ஆள் இறந்தால் பிக்கு சங்கத்திலிருந்து நீங்கும் பாராஜிகம். இறக்காவிட்டால் அதைவிடக் குறைந்த, ஆனாலும் கடுமையான குற்றம். கல்லும் உயரமும் மாறவில்லை. எண்ணம் மாறியதால் தீர்ப்பு மாறுகிறது.

எண்ணத்தை அளவுகோலாகக் கொள்வது நீதிக்குத் தேவை. ஆனால் அந்த அளவுகோல் சரியாகப் பற்றாத கையை எட்டுவதில்லை. மேலே நின்றவர் கொலைகாரர் அல்லர் என்று அது சொல்லும். கல் ஏன் நழுவியது, அடுத்த கல்லை எப்படிப் பற்ற வேண்டும் என்று சொல்லாது. அந்த இடைவெளியைச் சமணம் நிரப்புகிறது.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது, கவனக்குறைவான செயலால் உயிரைப் பிரிப்பது என்று கவனக்குறைவையே முன்னே வைக்கிறது. பிரமாதம் என்ற அந்த நிலைக்கு எதிராகத் துறவியர் கைக்கொள்ள வேண்டிய ஐந்து சமிதிகளை அது வகுக்கிறது: நடப்பதில் கவனம், பேசுவதில் கவனம், உணவு ஏற்பதில் கவனம், கழிவு நீக்குவதில் கவனம் என்பவற்றோடு, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். ஆதான நிக்ஷேபம் எனப்படும் இந்தச் சமிதிக்காகவே திகம்பரத் துறவியர் மயிற்பீலி வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளை எடுக்கும் முன்பும் வைக்கும் முன்பும் அந்த இடத்தைப் பீலியால் மெல்ல வருடி, சிற்றுயிர் ஏதும் சிக்காதபடி பார்த்துக்கொள்வது அவர்கள் மரபு. தூக்குதலையும் இறக்குதலையும் ஒரு நோன்பின் உறுப்பாகவே வைத்த சமயம் இது.

தமிழகத்துப் பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் குந்தகுந்தர், தம் பிரவசனசாரத்தில் இந்தக் கருத்தை அதன் எல்லை வரை கொண்டுசெல்கிறார். உயிர் பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் கவனமற்று நடப்பவருக்கு ஹிம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவருக்கு, தற்செயலாக நேர்ந்த உயிரிழப்பால் மட்டும் வினைப்பந்தம் ஏற்படுவதில்லை என்பது அவர் நிலை. இதன்படி, பூட்டைப் போடாமல் சுமையைத் தூக்கிப் பத்திரமாக இறக்கியவரும் தவறிழைத்தவரே. எதுவும் விழவில்லை என்பது அவருடைய நல்வாய்ப்பு. அதை அவருடைய நற்செயலாகக் கொள்ள முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்னார்ட் வில்லியம்சும் தாமஸ் நேகலும் 'அற நல்வாய்ப்பு' என்ற பெயரில் எழுப்பிய சிக்கலும் இதுவே. ஒரே அளவு அசட்டையாக இருந்த இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் முன் குழந்தை ஓடி வந்தது, மற்றவர் முன் வரவில்லை என்றால், இருவரையும் உலகம் வேறுவேறாக எடைபோடுவது நியாயமா என்று நேகல் கேட்டார். குந்தகுந்தரின் அளவுகோலில் இருவர் எடையும் ஒன்று.

சமணம் கவனத்தைத் தனிமனிதரிடம் கேட்டது. யூத மறைநூல் அதைக் கட்டடத்திடமும் கேட்டது. உபாகமம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனம், புது வீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால், விழுபவரின் இரத்தப்பழி அந்த வீட்டைச் சேரும். பாதுகாப்புச் சாதனம் ஒன்று மறைநூல் கட்டளையாக வருவதற்கு இது மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிதிஸ் இதை விரித்து எழுதினார். சுவர் பத்துக் கைப்பிடி உயரத்துக்குக் குறையக் கூடாது. ஒருவர் சாய்ந்தாலும் விழாத அளவுக்கு அது உறுதியாக இருக்க வேண்டும். கட்டளை மாடியோடு நிற்பதில்லை. கிணறு போன்று உயிருக்கு ஆபத்தான எதற்கும் பொருந்தும். மனிதர் குடியிராத கிடங்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்த விதிகளை இன்றைய பொறியியல் தரநிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வியப்பளிக்கும். கிரேனில் மாட்டும் தூக்குக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 13155, வெற்றிடத் தூக்கி தன் வேலைச்சுமையைப் போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. வெற்றிடம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்கிறது. சுமையை விடுவிக்க இரண்டு தனித்தனி அசைவுகள் தேவைப்படும்படி அமைக்கச் சொல்கிறது. சுமை தரையில் அமரும் வரை விடுவிக்கவே முடியாதபடி அமைந்த கருவிக்கும், ஆள் நுழைய முடியாத பகுதியில் இயங்கும் கருவிக்கும் இந்த இரட்டை அசைவில் விலக்கு அளிக்கிறது. சாய்ந்தாலும் விழாத சுவரும் இரு மடங்கு தாங்கும் கிண்ணமும் ஒரே சிந்தனையின் பிள்ளைகள். கடமை மனிதர் இருக்கும் இடத்தைத் தொடர்ந்து செல்கிறது. ஆளில்லாத இடத்தில் தளர்கிறது.

இங்கே விதியை நம்புபவரின் மறுப்பு ஒன்று எழும். விழ வேண்டிய சுமை விழுந்தே தீரும் என்றால் பூட்டு எதற்கு? யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத் இதை நேரடியாக எதிர்கொள்கிறது. விழுபவர் விழ வேண்டியவராகவே இருக்கலாம். ஆனாலும் நன்மை நல்லவர் கைவழியாக வரும், தீமை குற்றமுள்ளவர் கைவழியாக வரும் என்பது இரபி இஸ்மவேலின் பள்ளி தரும் விடை. விதியை ஒப்புக்கொண்டாலும், அதன் கருவியாக ஆகிவிடாமல் இருப்பது மனிதர் பொறுப்பு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதி தொகுப்பில் வரும் ஹதீஸும் அதே திசையில் நிற்கிறது. இரு மரபுகளிலும் நம்பிக்கை முன்னெச்சரிக்கைக்கு மாற்று அன்று.

இனி, பூட்டு அறவியல் நோக்கில் எதைச் செய்கிறது என்பதைத் திட்டமாகச் சொல்ல முடியும். அது சுமையின் எடையைக் குறைப்பதில்லை, வெற்றிடத்தைக் கூட்டுவதில்லை. நழுவலை நழுவலாகவே நிறுத்திவிடுகிறது. பூட்டு இல்லாத கைப்பிடியில், தெரியாமல் பட்ட முழங்கையும் தெரிந்தே திருப்பிய கையும் ஒரே விளைவைத் தருகின்றன. பூட்டு உள்ள கைப்பிடியில் முதலாவது எதையும் செய்வதில்லை. சுமை விடுபட வேண்டுமானால், ஒருவர் அதை விடுவிக்க முடிவெடுத்திருக்க வேண்டும். தமிழில் பூட்டுதல் என்ற சொல்லுக்கு மூடித் தடுத்தல் என்ற பொருளோடு ஒன்றோடொன்று இணைத்தல் என்ற பொருளும் உண்டு. ஏரில் மாட்டைப் பூட்டுவதும் வில்லில் நாண் பூட்டுவதும் அப்படித்தான். தூக்கியின் பூட்டு இரண்டையும் செய்கிறது. கைப்பிடியைத் தடுக்கிறது, கையின் அசைவை மனத்தின் முடிவோடு இணைக்கிறது. விநயத்தின் 'வேண்டுமென்று செய்யவில்லை' என்ற விடைக்குப் பூட்டு இடம் வைப்பதில்லை. ஆகவே அது பொறுப்பைக் குறைப்பதாகச் சொல்வது தவறு. பொறுப்பு யாருடையது என்பதை அது துலக்கமாக்குகிறது.

பூட்டின் எல்லையும் இதிலிருந்தே தெரியவரும். அரிஸ்டாட்டில் தம் நிகோமாகிய அறவியலின் மூன்றாம் நூலில், அறியாமையால் நேரும் செயல்களுக்கு எடுத்துக்காட்டுகள் தருகிறார். அவற்றில் ஒன்று, கல்லெறி பொறியின் இயக்கத்தைக் காட்ட மட்டும் விரும்பியவன் அதை எய்துவிட்டது. உலகின் பழைய அறவியல் நூல்களில் ஒன்று விடுவிப்பு விசை தவறி இயங்கியதை எடுத்துக்காட்டாகக் கொள்வது கவனிக்கத்தக்கது. அந்தப் பொறியில் இரண்டாவது தாழ் ஒன்று இருந்திருந்தால் அது எய்திராமல் போயிருக்கலாம். ஆனால் அதே பட்டியலில் வேறு வகையும் உண்டு. ஈட்டி முனையில் பாதுகாப்புக் குமிழ் இருக்கிறது என்று நினைத்துக் கூர்முனையால் தாக்குவது அத்தகையது. இங்கே கை தவறவில்லை, அறிவு தவறியது. பலகை தாங்கியில் சரியாக அமர்ந்துவிட்டது என்று தவறாக எண்ணி, தாழையும் நீக்கிக் கைப்பிடியையும் திருப்புபவர் இந்த வகையைச் சேர்ந்தவர். இரண்டு அசைவும் முழு மனத்தோடு செய்யப்பட்டவை. பூட்டு அவரைத் தடுக்காது.

ஜேம்ஸ் ரீசன் 1990இல் வெளியிட்ட 'மனிதப் பிழை' என்ற நூலில் நழுவல், தவறான முடிவு, விதிமீறல் என்று இத்தகைய பிழைகளை வேறுபடுத்தினார். பூட்டு நழுவலுக்கு மருந்து. தவறான முடிவுக்கு மருந்து வெற்றிட அளவைக் காட்டும் கேஜும், சுமை அமர்ந்துவிட்டதைக் கண்ணால் பார்ப்பதும். பம்பு நின்றுபோவது யாருடைய முடிவும் அன்று. அதற்குத் திரும்பா வால்வும் சேமிப்புத் தொட்டியும் வேண்டும். இவை அத்தனையும் பொய்த்துப் போகும் நாளுக்காக, தொங்கும் சுமைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பூட்டுக்கு எதிராக அறநோக்கில் எழும் வலுவான மறுப்பு, புறத்தடை அகப்பண்பை வளர்ப்பதில்லை என்பது. பெண்களைச் சிறைக்காவலில் வைப்பதைப் பற்றிப் பேசும் 57ஆம் குறள், அத்தகைய காவலால் பயனில்லை, தம் நிறையால் தம்மைக் காத்துக்கொள்வதே தலையாயது என்று கருதுகிறது. பூட்டு தடுத்ததால் தீங்கு செய்யாதவரை நல்லவர் என்று புகழ இடமில்லை என்று இதை நீட்டிக்கலாம். ஆனால் குறள் மறுக்கும் காவல் வேறு. அது ஒருவர் மேல் நம்பிக்கையில்லாமல் இன்னொருவர் போடும் காவல். காக்கப்படுவது அவருடைய ஒழுக்கம். தூக்கியின் பூட்டில் காக்கப்படுவது பிறர் உயிர். அங்கே கேள்வி இயக்குபவரின் நற்பண்பைப் பற்றியது அன்று. நற்பண்புள்ளவருக்கும் முழங்கை உண்டு, களைப்பு உண்டு என்பதைப் பற்றியது. குற்றம் வருமுன் காத்துக்கொள்ளாதவர் வாழ்வைத் தீ முன் நிற்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிடும் 435ஆம் குறளும் அதே நூலில்தான் இருக்கிறது. தன் கை தவறக்கூடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பூட்டைப் போடுபவர் ஒரு பண்பைக் காட்டவே செய்கிறார். அதன் பெயர் அடக்கம்.

இரண்டாவது மறுப்பு பழக்கத்தைப் பற்றியது. ஒரு நாளைக்கு நூறு முறை செய்யும்போது இரண்டு அசைவுகள் ஒன்றாகக் கலந்துவிடும். கட்டைவிரல் தாழை நீக்குவதும் உள்ளங்கை கைப்பிடியைத் திருப்புவதும் சிந்தனை தொடாத ஒரே வீச்சாகிவிடும். பூட்டு இருக்கும், அது பிரித்துவைக்க வேண்டிய கணம் மட்டும் இருக்காது. சடங்குகளைப் பற்றிச் சமயச் சீர்திருத்தக்காரர்கள் சொன்ன குறையும் இதுதான். பீலியால் வருடும் கை, கண் பார்க்காமல் வருடினால் நோன்பு முறிந்தது என்றே பொருள். ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலைக் கையால் சுட்டி வாயால் சொல்லும் முறை, இப்படி உறங்கிவிடும் கவனத்தை எழுப்பவே வந்தது. ஆகவே இரண்டு அசைவுகளுக்கும் நடுவே கேஜையும் பலகையின் அடியையும் பார்ப்பது என்ற மூன்றாவது செயலையும் சேர்த்தால்தான் பூட்டு அதன் நோக்கத்தை நிறைவேற்றும்.

கடைசியாக விதிமீறல். வேலை வேகத்துக்கு இடையூறு என்று தாழைக் கம்பியால் கட்டிவைப்பதும், அது தேய்ந்துபோனதைப் பார்த்தும் மாற்றாமல் விடுவதும் நழுவலும் அல்ல, அறியாமையும் அல்ல. கைப்பிடிச் சுவரைக் கட்டிய பின் இடித்துப் போட்டதற்கு ஒப்பானவை அவை. கம்பி கட்டிய நாளில் எதுவும் விழாமல் போகலாம். பின்னொரு நாள் வேறொருவரின் முழங்கை பட்டு விழும்போது, அந்த முழங்கைக்கு எண்ணமில்லை. எண்ணம் கம்பி கட்டிய கையில் இருந்தது. கட்டச் சொன்னவரும், கண்டும் காணாதிருந்தவரும், கட்டாமல் முடிக்க முடியாத வேகத்தை விதித்தவரும் அதில் பங்கு கொள்கிறார்கள். ஆளவியில் நழுவிய கல்லுக்குக் கிடைத்த 'குற்றமில்லை' என்ற தீர்ப்பு இவர்களில் எவருக்கும் பொருந்தாது.